இஸ்திரி மேசைக்கு விழுந்த சீட்டு

நீராவி இஸ்திரி மேசைக்கு ஆள் போதவில்லை. தைக்கிற பெண்களில் ஒருத்தியை ஒரு மாதம் அங்கே நிறுத்தும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் தையல் கூடத்தின் சூப்பர்வைசருக்குத் தலைவலி பிடித்துக்கொண்டது. ஜன்னல் இல்லாத மூலை அது. காலை எட்டு மணிக்கே அனல் அடிக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை.

சாப்பாட்டு இடைவேளையில் பதினோரு பெண்களையும் கூட்டினாள். “யாரை அனுப்பலாம்? நீங்களே சொல்லுங்க.”

“நான் வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. புதுசா வந்தவங்க போகட்டும்” என்றாள் காலர் தைப்பவள்.

“வருஷத்த வெச்சு என்ன பண்றது? யாரு கம்மியா தைக்கிறாங்களோ அவங்க போறதுதான் நியாயம்.” இது, கைவேகத்தால் ‘மின்னல்’ என்று பேர் வாங்கியவள்.

“உடம்புல தெம்பு இருக்கறவங்க போகலாமே” என்றாள் பொத்தான் தைப்பவள். அவ்வளவுதான், ஆளாளுக்கு முட்டிவலியும் இடுப்புவலியும் முளைத்துவிட்டன.

பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் பெண் மட்டும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு ஆறாவது மாதம்.

யாரைச் சொன்னாலும் பழி தன் தலையில்தான் விடியும் என்று சூப்பர்வைசர் எல்லார் பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டாள். “எல்லாருக்கும் ஒரே சட்டம். நாளைக்கு யாரும் என்னைக் கைநீட்டிப் பேச முடியாது.”

சீட்டு காஜாக்காரியின் பேருக்கு விழுந்தது.

“அக்கா, இப்ப மட்டும் வேற யாரையாவது போடுங்க. குழந்தை பொறந்து வந்ததும் ரெண்டு மாசம்கூட நிக்கறேன்.”

சூப்பர்வைசர் சுற்றிலும் பார்த்தாள். ஒரு தலையும் நிமிரவில்லை. “உனக்கு மாத்தினா ஆளுக்கொரு காரணத்தோட வந்து நிப்பாங்கம்மா. சட்டம்னா சட்டம்.” சொன்னபோது அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் அந்தப் பெண் மேசையோரம் சரிந்து விழுந்தாள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் காஜாக்காரியின் கணவன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“உன்மேல எனக்கு ஒரு பகையும் இல்லம்மா. நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணல. சீட்டுல வந்தது...”

“தெரியும்க்கா.” அவள் திரும்பவில்லை. “சீட்டுக்குக் கண்ணு கிடையாது. உங்களுக்கு இருந்துச்சே?”

சூப்பர்வைசர் தலை குனிந்தபடி வெளியே வந்தாள்.

மறுநாள் பெண்களைக் கூட்டினாள். “இனிமே அந்த மேசைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தர். நானும் நிப்பேன். உடம்பு முடியாதவங்களுக்கு முறை கிடையாது.”

“எல்லாருக்கும் ஒரே சட்டம்னு சொன்னீங்களே?” என்றாள் மின்னல், தாழ்ந்த குரலில்.

“ஒரே மாதிரி இருந்துட்டா நியாயம்னு நினைச்சுட்டேன்.” சூப்பர்வைசர் இஸ்திரி மேசைப் பக்கம் பார்த்தாள். “அந்த மூலையில, அவ இருந்த நிலைமையில, நாமளே நிக்கப் போறோம்னு நினைச்சு சட்டம் போடணும். அதுதான் நியாயம். அன்னைக்கு நம்மள்ல யாராவது ஒருத்தர் அப்படி நினைச்சிருந்தா, ஒரு உசுரு மிஞ்சியிருக்கும்.”