பதினாறாவது பெயர்

நகர மன்றத்தில் அங்கீகாரம் கேட்கும் சங்கங்களின் பட்டியலை இருபது வருடமாக வாசிக்கிறவளுக்கு அன்றைக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், புழுக்கமென்று மறுபடி திறந்தாள், கூஜாவில் தண்ணீர் தளும்பும்போதே இன்னொரு கூஜா கொண்டுவந்து வைத்தாள். அக்காவுக்கு என்ன ஆச்சு என்று பியூன் கேட்டதற்கு வெயில் என்று சொல்லிவைத்தாள். வெயிலாம் வெயில்! பட்டியலில் இருந்த ஒரு குழுவின் பெயர்தான் காரணம்.

பையன்களை விரும்பும் பையன்களும் பெண்களை விரும்பும் பெண்களும் ஒருவருக்கொருவர் துணையாக நடத்துகிற இளைஞர் குழு அது. மன்றம் அங்கீகரித்துவிட்டால் நூலகத்து மாடியறை சனிக்கிழமைதோறும் அவர்களுக்கு. அதுவரை பேருந்து நிலையத்தின் பின்பக்கம்தான். போன மாதம் அங்கே இரண்டு பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அவள் மகனும் அந்தக் குழுவில் இருந்தான்.

அவன் அதை அவளிடம் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. கேட்டுவிட்டு, சோறு ஆறிவிடும், சாப்பிடு என்றாள். திட்டவில்லை, அழவில்லை, பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கட்டிய கணவனிடமோ கூடப்பிறந்த தங்கையிடமோ வாயைத் திறக்கவும் இல்லை. பிள்ளையும் இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தெரியாத அளவுக்கு அவள் ஒன்றும் மக்கு இல்லை.

மன்றத்தில் ஒரு விதி உண்டு. வாசிக்கிறவரின் குடும்பத்தார் பட்டியலில் உள்ள சங்கம் எதிலாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்தச் சங்கத்தின் பேச்சு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்; மறைத்தது தெரிந்தால் நிறைவேறியதும் செல்லாது. பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீணாகிவிடுமே, அதனால்தான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

குழுவை எதிர்த்தவர்களுக்குத் தலைமை தாங்கிய மன்ற உறுப்பினரை ஊரே 'மைக்' என்றுதான் கூப்பிடும். கையில் மைக் கிடைத்தால் பிடுங்க நாலு பேர் வேண்டும். பிள்ளைகளைக் கெடுக்கிற கூட்டத்துக்கு அரசாங்க முத்திரையா என்று ஒரு வாரமாகத் தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தியிருந்தார் மனிதர். மன்றத்தில் அவர் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். எண்ணையும் பெயரையும் வாசித்ததும் யாராவது 'ஆட்சேபம்' என்று எழுந்தால் அது நின்றுவிடும். அடுத்த எண் வாசித்தாகிவிட்டால் முந்தையது நிறைவேறிவிட்டது, போனது போனதுதான். குழுவின் எண் பதினேழு என்று உள்ளங்கையிலேயே எழுதி வைத்திருந்தார்.

காலையில் சதுரங்கச் சங்கத்துக்காரர்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குப் பின்னிருந்த எண்களெல்லாம் ஒவ்வொன்று முன்னே வந்தன. புதுத் தாளை அவளே மேசைதோறும் வைத்தாள். மைக் அதை நாலாக மடித்து விசிறிக்கொண்டார்.

பதினாறு என்று வாசித்தாள். குழுவின் பெயரை வாசித்தாள். எப்போதும் நிறுத்துகிற அளவுதான் நிறுத்தினாள். அவளுக்கு அது ஒரு யுகம். மைக் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காது எண்ணுக்கு மட்டும்தான் திறந்திருந்தது. பதினேழு என்றாள். இந்த அசிங்கத்துக்கு ஆட்சேபம் என்று மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

பதினேழு அவருடைய சொந்த மச்சான் நடத்துகிற உடற்பயிற்சிச் சங்கம். மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. பார்வையாளர் வரிசையில் மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் புரிந்ததும் மைக் அவள் பக்கம் திரும்பினார். வேண்டுமென்றே எண்ணை மாற்றிவிட்டாள் என்றார். மன்றத் தலைவர் புதுத் தாளைத் தூக்கிக் காட்டி, அதை விசிறியாக்கியது யார் தப்பு என்று கேட்டார். மனிதர் விடுவாரா? குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்தி யாரும் கேட்டதில்லை.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏம்மா, உங்க வீட்டு ஆளு யாராச்சும் அந்தக் கூட்டத்துல இருக்காங்களா? பதில் பதிவாகணும்."

மூன்றாவது வரிசையில் மகன் உட்கார்ந்திருந்தான். இருபது ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. மாடியறையை அவள் நினைத்திருக்க வேண்டும். அடிபட்ட பிள்ளைகளை நினைத்திருக்க வேண்டும். நினைத்ததோ பக்கத்து மேசைக்காரி நாளைக்கு எப்படிப் பார்ப்பாள் என்பதை, தங்கை தொலைபேசியில் என்ன கேட்பாள் என்பதை.

"இல்லைங்க," என்றாள்.

எழுதிக்கொள்ளச் சொன்னார் தலைவர். குறிப்பேட்டில் தன் கையாலேயே எழுதினாள்: வாசிப்பவரின் குடும்பத்தார் எவரும் இல்லை. பேனா கொஞ்சமும் தடுமாறவில்லை, பாவி மகளுக்கு. பதினாறு நிறைவேறியது நிறைவேறியதுதான் என்றாகிவிட்டது. பின்வரிசையில் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள்.

மன்றம் கலைந்ததும் மாடிப்படியோரம் மகன் வந்தான். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது, கண் மட்டும் அவளைத் துருவியது.

"எங்களுக்காகத்தானேம்மா அப்படிச் சொன்னே?"

"பின்னே?" என்றாள். அதையும் யோசிக்காமல்தான் சொன்னாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அழுத பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்து அவன் தோளில் கை போட்டாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவங்க உனக்கு யாருடா என்று கேட்டாள்.

மகன் அம்மாவைப் பார்த்தான். அவள் சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். அவள் கையிலிருந்த கோப்பின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க," என்றான். "வா, போலாம்."