அமலதாஸ் படுக்கவில்லை

அமலதாஸ் புதன்கிழமை காலை இறந்துபோனான். ஆனால் படுக்கவில்லை.

அடுப்படி வாசலில் காப்பித் தம்ளரோடு நின்றபடியே மூச்சு நின்றது. தம்ளர் கீழே விழவில்லை. குற்றாலிங்கம் அதை அவன் கையிலிருந்து வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு டாக்டரைக் கூட்டிவந்தான்.

டாக்டர் நாடி பார்த்தார். "இறந்துட்டாரு. படுக்க மாட்டேங்காரு, இல்லையா?"

"ஆமா."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட இருக்கேன்."

"ரொம்ப நாளாவா?"

"ரெண்டு பேருக்கும் தலை நரைக்கறதுக்கு முந்தியே."

"அதான் படுக்கல" என்று டாக்டர் பையை மூடினார். "அங்கியோ தொப்பியோ பூணூலோ போட்ட ஒருத்தர் அவரு முன்னால நின்னு, உங்களைக் காட்டி, இவர் உனக்கு இன்னாருன்னு சொல்லணும். சரியாச் சொன்னா படுத்துருவாரு. பொழுது சாயறதுக்குள்ள சொல்லணும்."

"சாஞ்சுட்டா?"

டாக்டர் ஜன்னல் வழியே கையைக் காட்டினார். கடற்கரைச் சாலையில் கம்பி இழுக்காத கம்பங்கள் வரிசையாக நின்றன. அவை யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவற்றில் நோட்டீஸ் ஒட்டுவதில்லை. ஓரிடத்தில் இரண்டு கம்பங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன.

மற்றவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. மேல்வீட்டு அம்மாள் இறந்தபோது ஃபாதர் வந்து, மூலையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டி, "உன் புருஷன்" என்றார். அந்த அம்மாள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அவர்கள் பேசிக்கொள்வதை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் சாய்ந்துவிட்டாள்.

குற்றாலிங்கம் அமலதாஸுக்கு வெள்ளைச் சட்டை மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடற்குழுவுக்குப் போட்டுப்போகிற சட்டை. கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினான். செத்தவன் என்றாலும் சொன்னதைக் கேட்டான்.

தெருவில் இறங்கியதும் அமலதாஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. மீன் வாங்கப் போனால்கூட ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் போவார்கள். இப்போது விரல்களைக் கோத்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தான். குற்றாலிங்கத்துக்கு உள்ளங்கை வியர்த்தது.

இஸ்திரிக்காரர் பார்த்தார். செத்தவர் நடந்து போகிறாரே என்று அவர் கேட்கவில்லை. "என்ன அண்ணாச்சி இது, கையைப் பிடிச்சுக்கிட்டு" என்றார்.

மாதா கோயிலில் ஃபாதர் வியாகுலராஜ் தனியாக இருந்தார். அமலதாஸைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் குரலுக்கு இனி நான் எங்க போவேன்" என்றார்.

மூவரும் பீடத்தை நோக்கி நடந்தார்கள். நடக்க நடக்கப் பீடம் தள்ளிப்போனது. பெஞ்சுகள் புதிது புதிதாக வந்தன. ஃபாதர் இதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நண்பர்னு சொல்லட்டுமா?"

"சொல்லிப் பாருங்க ஃபாதர்."

"அமலதாஸ், இவர் உன் நண்பர்."

அமலதாஸ் அசையவில்லை.

"சகோதரர்?"

அமலதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆசீர்வாதம் பண்ணலாம்" என்றார் ஃபாதர். "உங்க ரெண்டு பேரையும் பண்ணலாம். மேலிடத்துல சம்மதிச்சிருக்காங்க. ஆனா கல்யாணம் மாதிரித் தெரியக்கூடாது. நடந்துக்கிட்டே, சுருக்கமா, வேற எங்கயோ போறப்போ வழியில பாத்த மாதிரி பண்ணணும்."

"வழியிலதானே ஃபாதர் இருக்கோம்."

ஃபாதர் நடந்துகொண்டே கையை உயர்த்தினார். அமலதாஸின் வலது முழங்கால் லேசாக மடங்கியது. முழங்கால் மறுபடியும் நிமிர்ந்துகொண்டது.

"மன்னிச்சுக்குங்க" என்றார் ஃபாதர். அப்போது அவர் வெகுதூரத்தில் பீடத்தருகே இருந்தார். குரல் மட்டும் பக்கத்தில் கேட்டது.

வெளியே வெயில் ஏறியிருந்தது. குற்றாலிங்கம் வேலை செய்யும் கண்ணாடிக் கடையின் முதலாளி மீரான் லெப்பை கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "எங்க ஹஜ்ரத்தைப் பாப்போம், வாங்க" என்றார்.

ஹஜ்ரத் பள்ளிவாசல் வேப்பமர நிழலில் இருந்தார். முழுவதையும் கேட்டார்.

"தம்பி, என்னால சொல்ல முடியாது. நான் படிச்சதுல அந்த வார்த்தைக்கு இடமில்ல. இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டு நாளைக்கு எப்படித் தொழ வைப்பேன்?"

"சரிங்க."

"வேற மாதிரி சொல்லுதவங்க எங்கயாச்சும் இருப்பாங்க. நான் அவங்க இல்ல."

குற்றாலிங்கம் எழுந்தான். ஹஜ்ரத் எழவிடவில்லை. "செத்தவரோட மையத்தை வெயில்லயா நடத்திக் கூட்டியாந்த?" என்றார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து, அமலதாஸின் பாதங்களை விரல் விரலாகக் கழுவினார். கழுவும்போது உதடுகள் அசைந்தன. அழுகிறாரா ஓதுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு குடையை விரித்து அமலதாஸின் தலைக்கு மேல் விட்டார். அவர் கையை எடுத்த பிறகும் குடை அங்கேயே நின்றது. தெருமுனைவரை கூடவே வந்துவிட்டுத் திரும்பிப் போனது. மீரான் லெப்பையும் அதோடு திரும்பினார்.

சிவன் கோயிலில் குருக்கள் அவர்களை நேராகப் பிராகாரத்துத் தூணுக்கு அழைத்துப்போனார். தூணில் இரண்டு ஆண்கள் தழுவிக்கொண்டிருந்தார்கள். மேலே எண்ணெய் மினுங்கியது.

"பாத்தேளா? நம்மகிட்ட எல்லாம் இருக்கு. ஸ்வாமியே பாதி பொண்ணு. யாரும் எதுவும் சொல்றதில்லே."

"அப்ப இவன்கிட்டச் சொல்லிருங்க சாமி."

குருக்கள் சுற்றுமுற்றும் பார்த்தார். "கல்லுன்னா சொல்லலாம். மனுஷான்னா டிரஸ்டிகளைக் கேக்கணும்." பிறகு தணிந்த குரலில், "ஒண்ணு பண்ணுங்கோ. பக்கத்துத் தூண் காலியாத்தான் இருக்கு. இவரை இங்க சாத்தி வச்சுட்டுப் போங்கோ. ரோட்டுல கம்பமா நிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல். நீங்களும் வந்து வந்து பாக்கலாம். நூறு வருஷம் கழிச்சு வெள்ளைக்காரா போட்டோ எடுப்பா" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அமலதாஸும் களைத்திருந்தான். தூணில் சாய்ந்தான். குதிகால் மெல்லச் சாம்பல் நிறமானது.

ஒரு கணம் குற்றாலிங்கத்துக்கும் அதுவே போதும் என்று பட்டது. அவனுக்கும் கால் வலித்தது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வரலாம். எண்ணெய் தடவலாம். பிறகு, இவன் ராத்திரியில் புரண்டு படுக்காமல் தூங்கமாட்டானே என்று நினைத்தான். கையைப் பற்றி இழுத்தான். குதிகாலிலிருந்து கொஞ்சம் கல் உதிர்ந்தது.

இனி ஒரே ஒருவர்தான் மிச்சம். அமலதாஸின் அக்கா பிலோமினா. கன்னியர் மடத்தில் இருக்கிறாள். அங்கி போட்டவள்தான். ஆனால் அமலதாஸ் தன்னைப் பற்றிச் சொன்ன அன்று, "எனக்குத் தம்பி கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. அதனால்தான் குற்றாலிங்கம் அவளைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

மடத்துப் பார்வையாளர் அறையைச் சுவரிலிருந்து சுவர்வரை ஓர் இரும்புக் கிராதி இரண்டாகப் பிரித்தது. பிலோமினா கிராதிக்கு அந்தப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். தம்பியைப் பார்த்தாள். எதிரே நின்றவனைப் பார்க்கவில்லை.

"எப்போ?"

"காலையில."

"வலிச்சுதா அவனுக்கு?"

"இல்ல. காப்பி குடிச்சிட்டிருந்தான்."

"சீனி போட்டா?"

"நிறைய."

அவள் தலையாட்டினாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது.

"தினமும் ஜெபிச்சேன்" என்றாள். "இவன் மாறணும்னு. முழங்கால் தேஞ்சுபோச்சு."

"மாறலயே."

"தெரியுது. செத்தும் மாறல." அவள் அவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டது எதையும் எனக்கு ஆண்டவர் இல்லைன்னு சொன்னதில்ல. இதை மட்டும் ஏன் தரலைன்னு அவர்கூடச் சண்டை போட்டிருக்கேன். பதிலே இல்ல."

குற்றாலிங்கம் அமலதாஸின் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"உங்களை அவன் எப்படிக் கூப்பிடுவான்?"

"குத்தாலம்னு."

"வெளிய இல்ல. வீட்டுக்குள்ள."

அவன் தரையைப் பார்த்தான். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"'ஏங்க'ன்னு. கேலிக்குத்தான் ஆரம்பிச்சான். அப்புறம் அதுவே நிலைச்சுட்டு."

பிலோமினா சிரிக்கவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் அப்பாவைக் கூப்பிடுவாள் என்றும் சொல்லவில்லை. எழுந்து நடந்து வந்தாள். கிராதியைத் திறக்கவில்லை. ஆனாலும் இந்தப்பக்கம் நின்றாள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அமலா, நல்லாக் கேட்டுக்கோ. ஆண்டவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானாத்தான் சொல்லுதேன். தப்புன்னா என் தலையில விழட்டும். இவர் உன் வீட்டுக்காரர்."

அமலதாஸ் முதலில் கைவிரல்களை விட்டான். பிறகு முழங்கால் மடங்கியது. பிறகு இடுப்பு. நாள் முழுக்க நின்றவன் படுப்பதைப் போலவே, முனகாமல், ஒருக்களித்துத் தரையில் படுத்தான். குற்றாலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தான். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அக்கம்பக்கம் பார்க்காமல், புருஷனையோ பெண்டாட்டியையோ பறிகொடுத்தவர்கள் அழுவதைப் போல, வாய்விட்டு அழுதான்.

பிலோமினா அவனை அழவிட்டாள்.

கிராதிக்கு அப்பால் மற்ற சகோதரிகள் வந்திருந்தார்கள். மாலை ஜெபத்தைப் பாடிக்கொண்டே செங்கல்லும் சாந்தும் கொண்டுவந்து கிராதியை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். கோபமாக இல்லை. ஒழுங்காக, வரிசை பிசகாமல் எழுப்பினார்கள்.

ஒரு கல் அளவுக்கு இடைவெளி மிச்சம் இருந்தபோது மடத்துத் தாயார் அதன் வழியாக எட்டிப்பார்த்தார்.

"உள்ள வாறியா, பிலோமினா?"

"மாப்பிள்ளை காலையிலேருந்து சாப்பிடல மதர்."

தாயார் யோசித்தார். போய்விட்டு வந்தார். இடைவெளி வழியாக இரண்டு கிண்ணம் கஞ்சி ஒவ்வொன்றாக இந்தப்பக்கம் வந்தது.

"ஊறுகாய் தீந்துபோச்சு" என்றார். படுத்திருந்தவனைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கடைசிக் கல்லை வைத்தார்.

பிலோமினா ஒரு கிண்ணத்தைக் குற்றாலிங்கத்தின் கையில் கொடுத்தாள்.

"ஆறிப்போறதுக்குள்ள குடிங்க மாப்பிள்ளை" என்றாள். "நெறைய வேலை கெடக்கு."