கனடாக் குளிசை

கனகலிங்கத்துக்கு உருத்திரபுரத்தில் எட்டு ஏக்கர் வயல் இருந்தது. அதைவிடப் பெரிய சொத்தாகக் கனடாவில் ஒரு தங்கச்சி இருந்தாள். மாசியில் வந்து நின்றுவிட்டுப் போகும்போது இராசேஸ்வரி வலிக்குப் போடும் நோக்குளிசை மாத்திரைகள் ஒரு பெரிய போத்தல் விட்டுச் சென்றாள். கனடாவில் அதைக் கடைத் தட்டிலிருந்து யாரும் எடுக்கலாமாம், டொக்டர் எழுதித் தரும் துண்டு தேவையில்லையாம். மனுசன் போத்தலைச் சாமி அறையில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்.

அவர் மனைவி நேசமலருக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் நோ. இதயத்தில் அடைப்பு வந்ததால், இரத்தம் உறையாமலிருக்கக் கிளினிக்கில் குளிசை எடுப்பவள். நோவுக்குப் பரசிற்றமோல் தவிர வேறொன்றையும் கேட்காமல் போடக்கூடாதென்று கிளினிக்கில் மருந்து கொடுக்கும் தாதி மிஸ்ஸி சொல்லியிருந்தாள். அதை நேசமலர் அப்படியே புருசனிடம் சொன்னாள்.

"என்ரை தங்கச்சி என்ன, நஞ்சே கொண்டந்தவள்?"

"அப்பிடிச் சொல்லேல்லையப்பா. ஒருக்கா டொக்டரிட்டைக் கேப்பம்."

"கனடாக்காரன் செய்த மருந்தை இஞ்சை உள்ளவனிட்டைக் கேக்கவோ? போடு."

போட்டாள். தங்கச்சி தந்ததை வேண்டாமென்றால் மாதக்கணக்கில் முகத்தை நீட்டிக்கொண்டு திரிவார் என்பது அவளுக்குத் தெரியும். புருசனின் முகத்துக்குப் பயந்த பெண்களின் வயிறு எதையும் தாங்கத்தான் வேண்டும்.

நோ குறைந்தது. அதுதான் வினை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விரதம் பிடித்த நாட்களிலும் வெறும் வயிற்றில் போட வைத்தார். குளிசை விரதத்தை முறிக்காது என்பது அவருடைய தீர்ப்பு. வயிறு எரிந்தது. பிறகு மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. அதையும் சொன்னாள்.

"உள்ளுக்கை கிடந்த ஊத்தை போகுது. நல்லதுதான்."

பொங்கல் முடிந்த கிழமை குசினியில் இரத்தமாகச் சத்தி எடுத்து விழுந்தாள். பக்கத்து வீட்டு மீனம்மாதான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் ஓர் இளம் பெண். "ஐயா, அம்மா கிளினிக் மருந்தைத் தவிர வேறை ஏதும் போட்டவாவோ? கடையிலை வாங்கினது, வெளிநாட்டிலை இருந்து வந்தது? என்ன எண்டாலும் மறைக்காமல் சொல்லுங்கோ. அது தெரிஞ்சால்தான் சரியாப் பாக்கலாம்."

ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால் தங்கச்சியின் பெயர் கெட்டுவிடுமே.

"ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றார் பாவி.

டொக்டர் கட்டிலில் குனிந்து நேசமலரிடமும் கேட்டாள். அவள் கண்ணைத் திறந்து புருசனின் முகத்தைப் பார்த்தாள். அது நீண்டிருந்தது. இல்லையென்று தலையாட்டினாள்.

மறுநாள் செத்துப்போனாள்.

செத்த எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவன்று இராசேஸ்வரி வீடியோவில் வந்து அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, நான் தந்த குளிசை மச்சாளுக்குச் சுகம் குடுத்ததோ?"

"ஓம். போட்டாப் பிறகு நோ எண்ட கதையே இல்லை."

சாவுத் துடக்கு வீட்டில் சாமி அறைக்குள் போகக்கூடாது. அதனால் போத்தலை முதலே எடுத்து வெளியே அலுமாரியில் வைத்திருந்தார். காலையிலிருந்து சமைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மீனம்மாவைக் கூப்பிட்டு, தங்கச்சி பார்த்துக்கொண்டிருக்கவே, அவள் கையில் இரண்டு குளிசையைப் போட்டார். அவளும் அதே கிளினிக்கில், இரத்தம் உறையாமலிருக்க அதே குளிசை எடுப்பவள்தான். தயங்கினாள். கனகலிங்கத்தின் முகம் நீளத் தொடங்கியது.

மீனம்மா தண்ணீர் கேட்டாள்.