கெசியா வைத்த நடுப்பெயர்

என் முழுப்பெயர் எட்கர் ஸ்டானார்ட் கெரிட்ஜ். எண்பத்து மூன்று வயதாகிறது. இதுவரை எந்தத் தாளிலும் அதைச் சுருக்கிக் கையெழுத்திட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் மூத்த பையனுக்கு நடுப்பெயர் எப்போதும் ஸ்டானார்ட்தான். அது எங்கள் ஊரான மார்லிங்ஹாமின் பெரிய பண்ணைக் குடும்பத்தின் பெயர். ஊர்க் கிறிஸ்தவக் கோயில் சுவரில் பாதிக்கு மேல் அவர்களுடைய பித்தளை நினைவுப் பலகைகள். என் கொள்ளுத்தாத்தா ரூபனின் தாய் அந்த வீட்டுப் பெண் என்று அப்பா சொன்னார். நானும் சொல்லி வந்தேன். மாட்டுக்காரர் வம்சம்தானே என்று எவனாவது வாயைத் திறந்தால், அந்தப் பெயரைச் சொல்லி மூட வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு அறுவடை விருந்தின்போது ஊர் வரலாற்றுச் சங்கம் ஒரு புத்தகம் போடுவதாக இருந்தது. பழைய குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பக்கம். எங்கள் பக்கத்தை நானே எழுதிக் கொடுத்தேன்: ஜான் கெரிட்ஜ், அவர் மனைவி ஸ்டானார்ட் வீட்டு மார்த்தா, அவர்கள் மகன் ரூபன். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரூபன் பெயருக்கு எதிரே ‘மகன்’ என்றே இருக்கிறது. அதன் நகலை நாற்பது வருடமாக வைத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சங்கச் செயலாளர் பெரில் லார்ட்டர் என் சமையலறைக்கு வந்தாள். முப்பது வருடம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவள். யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பழக்கமில்லை, நேரே உள்ளே வந்துவிடுவாள்.

“அண்ணே, கோவப்படாம பதில் சொல்லுங்க. உங்க கணக்கெடுப்புத் தாள்ல மார்த்தாவுக்கு என்ன வயசு?”

“அறுபத்தேழு.”

“ரூபனுக்கு?”

“பதிமூணு.”

“கழிச்சுப் பாருங்க.”

கழித்தேன். நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட அதைச் செய்ததில்லை.

“அம்பத்துநாலு வயசுல புள்ள பெத்தாங்களாக்கும்? பைபிள்ல சாராளுக்கு நடந்துச்சு. மார்லிங்ஹாம்ல நடந்ததா நான் கேள்விப்படல.”

“சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போ, பெரில்.”

“அந்த வீட்டுல கெசியான்னு ஒரு மக இருந்தா. ரூபன் அவ புள்ள, ஞானஸ்நானப் பதிவேட்டுல பார்த்தேன். வெளிய தலை காட்டணுமேன்னு தாத்தா ஜான் அவனைத் தன் மகன்னு கணக்கெடுக்க வந்தவன்கிட்ட சொல்லிட்டார். எத்தனையோ வீட்டுல நடந்ததுதான். என் வீட்டுலயும்.”

“அப்போ ஸ்டானார்ட்ங்கிற பேரு எங்கிருந்து வந்துச்சு? மார்த்தா அந்த வீட்டுப் பொண்ணு.”

“மார்த்தா செருப்புத் தைக்கிறவர் பொண்ணு, கல்யாணப் பதிவு இருக்கு. கல்யாணமாகாத பொண்ணு, புள்ளை பேருக்கு நடுவுல இன்னொரு குடும்பத்துப் பேரைச் சேர்த்தா, அது யாரு பேருண்ணே? அந்தக் காலத்துல அவளுங்களுக்கு இருந்த ஒரே வாய் அதுதான்.”

எழுந்து கதவைத் திறந்து பிடித்தேன். அவள் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்தவர் கண்ணால் பார்த்ததை நான் நம்புவதில்லை. மறுநாள் முதல் பேருந்தில் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போய், எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். 1838, மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குழந்தையின் பெயர்: ரூபன் ஸ்டானார்ட். பெற்றோர்: கெசியா கெரிட்ஜ். தொழில் என்ற கட்டத்தில், மணமாகாதவள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை.

உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு தேதியை மறுபடி பார்த்தேன். அதற்கு நாலு வருடம் முன்புதான் புதுச் சட்டம் வந்திருந்தது. தகப்பன் யார் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, பிள்ளையின் பாரம் முழுக்கத் தாய்க்கே, முடியாவிட்டால் ஏழை விடுதிக்குப் போ என்ற சட்டம். அவளுக்கு வயது பத்தொன்பது. வேலை பார்த்தது, அங்கிருந்த பழைய கூலிப் பட்டியலின்படி, பெரிய பண்ணையின் பால்கொட்டகையில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே, ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, பிள்ளைக்கு என்ன பெயர் என்று குருவானவர் கேட்டிருப்பார். அவள் சொல்லியிருக்கிறாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

1861 கணக்கெடுப்பையும் கேட்டு வாங்கினேன். ஜான் இறந்துவிட்டார். வீட்டுத் தலைவன் இப்போது ரூபன், இருபத்து மூன்று வயது, மாட்டுக்காரன். கூட இருப்பவள் கெசியா, நாற்பத்திரண்டு, துணி வெளுப்பவள். உறவு என்ற கட்டத்தில், ‘தாய்’. வாசலில் வந்து நின்ற கணக்குக்காரனிடம் என் கொள்ளுத்தாத்தா அதை மறைக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். பெரில் வீட்டுக்குப் போய், என் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ளபடியே புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

செய்தி இரண்டே நாளில் பெரிய பண்ணைக்கு எட்டியது. அந்த வார இறுதியில் சங்கக் கூட்டம். ஜைல்ஸ் ஸ்டானார்ட் வந்திருந்தார். அறுபது வயது, நல்ல கோட்டு, அதைவிட நல்ல சிரிப்பு. அறுவடை விருந்து நடப்பது அவருடைய தானியக் களஞ்சியத்தில்தான்.

“எட்கர் ஐயா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதெல்லாம் அச்சுல வரணுமா? ரூபன் கெரிட்ஜ்னு மட்டும் போட்டா யாருக்கும் சங்கடமில்லையே.”

“யாருக்கு சங்கடம்? எனக்கு இல்ல.”

“ஆதாரம் வேணுமில்லையா? யாரோ ஒரு பால்கொட்டகைப் பொண்ணு ஆசைக்கு வெச்ச பேரா இருக்கலாம். எழுதினவர் அரைத் தூக்கத்துல எழுதியிருக்கலாம். பின்னாடி யாராவது சேர்த்திருக்கவும் கூடும்.”

பெரில் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் களஞ்சியத்தை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு வாரம் கொடுங்க” என்றேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இருபது வருடம் நான் கோயில் பொறுப்பாளராக இருந்தவன். அந்தக் காலத்தில் பதிவேட்டை வருடம் ஒருமுறை முழுக்கப் பிரதி எடுத்து பிஷப்புக்கு அனுப்புவார்கள். பிரதி சரி என்று குருவானவரோடு பொறுப்பாளர்களும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். மறுபடி பேருந்து ஏறினேன். பிஷப்புக்குப் போன பிரதிகளிலிருந்து 1838ஆம் ஆண்டுத் தாளை எடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் அதன் நகலை ஜைல்ஸ் முன்னால் வைத்து, நின்றுகொண்டே பேசினேன்.

“மேல படிங்க. ரூபன் ஸ்டானார்ட், கெசியாவின் மகன். பின்னாடி சேர்த்தது இல்ல, அந்த வருஷமே எழுதினது. இப்போ அடியில யாரு கையெழுத்துன்னு படிங்க.”

அவர் படித்தார். சத்தமாகப் படிக்கவில்லை.

“நான் படிக்கிறேன். கோயில் பொறுப்பாளர், தாமஸ் ஸ்டானார்ட். பெரிய பண்ணைக்காரர். உங்க தாத்தாவுக்குத் தாத்தா. இந்த வரிசையைச் சரிபார்த்து, எல்லாம் உண்மைன்னு பிஷப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கார். பேரை அடிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல.”

“அவர்தான் தகப்பன்னு இது நிரூபிக்கலையே. அவருக்கு ரெண்டு தம்பிங்க, மூணு பசங்க.”

“அது உங்க வீட்டுக் கணக்கு. உட்கார்ந்து நிதானமா பாருங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜைல்ஸின் காது சிவந்தது.

“களஞ்சியத்தை நான் வேற எதுக்காவது…” என்று ஆரம்பித்தார்.

“எங்களுக்குக் குடுக்காதீங்க” என்றாள் பெரில், பேனாவைத் திறந்தபடி. “பள்ளிக்கூடத்துல பெஞ்சு இருக்கு, சாப்பிட்டுக்கறோம். அண்ணே, உங்க பக்கத்தை எழுதினபடியே போடறேன். மேல யாரு?”

“கெசியா.”

“ஜான் இல்லையா? எல்லாக் குடும்பமும் ஆம்பளை பேர்லதான் தொடங்குது.”

“ஜான் புள்ளைய ஒளிச்சு வெச்சவர். அவ கோயில்ல நின்னு சொன்னவ. எங்க குடும்பம் அவகிட்டதான் தொடங்குது.”

எழுதினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

“பக்கத்துல தகப்பன் கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?”

ஜைல்ஸ் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வாசல்வரை போயிருந்தார். ஆனால் வெளியே போகவில்லை.

“காலியா விடு” என்றேன். “அந்த இடம் வேணும்னு அவங்க வந்து கேக்கட்டும். தரலாமான்னு நாங்க யோசிக்கிறோம்.”