தாமதத்துக்கான காரணம்

பேங்கில் பணம் போடுகிற சீட்டைக்கூடப் பெண்டாட்டியைவிட்டே எழுத வைக்கிற மனுஷன், நாலு பக்க இன்சூரன்ஸ் பாரத்தைத் தானே உட்கார்ந்து நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் குறிகூட வைத்துக் கொண்டுவந்து நீட்டினால் யாருக்குத்தான் மூக்கில் வேர்க்காது? அவளுக்கு வேர்த்தது.

"கார் உன் பேர்ல இருக்குல்ல, நீதான் போடணும். கண்ணை மூடிக்கிட்டுப் போடு," என்றான் கணவன்.

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஆள் அவள் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பெயர், தேதி, நேரம் மூன்றும் ஒட்டாத குப்பியை அவள் கையாலும் தொடமாட்டாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். விபத்து நடந்தது, போன செவ்வாய்க்கிழமை. வண்டி ஓட்டியவர், அவள்.

"இடிச்சு எட்டு மாசம் ஆச்சே? இதென்ன போன செவ்வாய்?"

"எட்டு மாசம்னு எழுதினா பாரத்தைத் தூக்கிக் குப்பையில போடுவாங்க. இந்த மாசத்தோட பாலிசி முடியுது. வண்டியை வித்துட்டு வேற வாங்கலாம்னு பாத்தா, வர்றவன் எல்லாம் அந்த ஒடுக்கைக் காட்டியே அடிமாட்டு விலைக்குக் கேக்கறான்."

அந்த ஒடுக்கு! அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும். எட்டு மாதத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில் பரிசோதனைக் கூடத்துச் சந்திலிருந்து காரைப் பின்னால் எடுக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாசலுக்குப் போனால், இடது பக்கப் பின்கதவில் முழ நீளத்துக்குக் கீறல், நடுவில் ஒரு ஒடுக்கு. பக்கத்தில் கணவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் வாயெடுப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்: "ஐயோ, நான்தாங்க இடிச்சுட்டேன்." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல் அழுதாள்.

அவன் திட்டவில்லை. பெருந்தன்மையாக முதுகைத் தட்டிக்கொடுத்தான். சாவியை மட்டும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பஸ், அவனுக்குக் கார்.

மெக்கானிக்கிடம் விடலாமே என்று அவள் எத்தனையோ தடவை கேட்டாள். "இருக்கட்டும், ஒரு ஞாபகத்துக்கு" என்பான். வருகிற விருந்தாளிகளை எல்லாம் வாசலுக்குக் கூட்டிப்போய், "எங்க வீட்டம்மாவோட கைவண்ணம் பாருங்க" என்று காட்டுவான். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், வேறென்ன செய்வது? உள்ளே வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். நாளாக ஆக, கனவில்கூட அவளுக்குக் கார் ஓட்டப் பயமாக இருந்தது.

இப்போது மட்டும் என்ன திடீர் அவசரம்? அவள் போன செவ்வாயை அடித்துவிட்டு, உண்மையான தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பெரிய நீதிபதி இவ!" என்று அவன் குதித்தான். "அப்ப தாமதத்துக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதையும் நீயே எழுது. வேலை ஜாஸ்தின்னு எழுது."

அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

சனிக்கிழமை காலை இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். தொப்பையும் டார்ச் லைட்டுமாக இருந்தவர், யாரையும் நம்பாத முகத்தோடு காரைச் சுற்றி வந்தார். ஒடுக்குக்குப் பக்கத்தில் முட்டிபோட்டார். கீறலை நகத்தால் சுரண்டி மோந்துகூடப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"துரு பழசுதான், தேதி சரி. ஓட்டினது நீங்களா?"

"ஆமா சார்."

"எப்படி இடிச்சீங்க?"

"ரிவர்ஸ் எடுக்கும்போது."

"ஏம்மா, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" சர்வேயர் எழுந்தார். "இருபது வருஷமா இதான் என் பொழப்பு. இங்க பாருங்க. கீறல் முன்னாடி ஆழமா ஆரம்பிச்சு, பின்னாடி போகப்போக மெலிசாகுது. உரிஞ்ச பெயிண்ட் எல்லாம் பின்பக்கமாச் சுருண்டு நிக்குது. வண்டி முன்னாடி போகும்போது எதையோ உரசியிருக்கு. ரிவர்ஸ்ல இப்படி விழவே விழாது. பொய்யா எழுதிக் குடுத்தா கேஸாயிடும், தெரியும்ல?"

பொய்யா? இந்த ஒடுக்குக்காக எட்டு மாதம் தலைகுனிந்து நடந்தவளைப் பார்த்தா இந்த வார்த்தை? கதவுப் பக்கம் குனிந்தாள். தினமும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடந்த கீறலை அன்றுதான் முதல்முறையாக உற்றுப் பார்த்தாள். பள்ளத்தின் அடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன சார்?"

"மஞ்சள் பெயிண்ட். ஏதாவது தூண்ல அடிச்சிருப்பாங்க."

பரிசோதனைக் கூடத்துச் சந்தில் தூணே கிடையாது. கணவன் வேலை பார்க்கிற டைல்ஸ் கடையின் கிடங்கு வாசலில்தான் இரண்டு தூண்கள், இரண்டும் மஞ்சள். மழை பெய்ததற்கு மறுநாள், சரக்குக் கணக்கெடுக்க வேண்டும் என்று அவன் காரைக் கேட்டு வாங்கிப் போனதும் நினைவுக்கு வந்தது.

"விடுங்க சார்," என்று கணவன் இடையில் புகுந்தான். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். பாரத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. டீ குடிக்கிறீங்களா?"

அவள் திரும்பினாள். "நீங்கதானா?"

அவன் முகத்தில் அசடு வழிந்தது. "நான் சொல்லணும்னுதான் வாசல்ல நின்னேன். அதுக்குள்ள நீயே முந்திக்கிட்டு நான்தான்னு அழுதுட்ட. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"எட்டு மாசமா வாய் வரலையா? வர்றவங்க போறவங்களுக்குக் காட்ட மட்டும் வந்துச்சா?"

சர்வேயர் சங்கடத்தோடு டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார்.

"பாரத்தைக் குடுங்க சார்," என்று வாங்கினாள். ஓட்டியவர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்து, கணவன் பெயரை எழுதினாள். விபத்து நடந்த நாளை ஒருநாள் தள்ளிப் போட்டாள். காலியாகக் கிடந்த கட்டத்துக்கு வந்தபோது கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. 'இந்த ஒடுக்கு இத்தனை நாள் என் கணவருக்குத் தேவைப்பட்டது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

சர்வேயர் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "கம்பெனியில ஒத்துக்கமாட்டாங்கம்மா. பணம் வராது."

"வராட்டிப் போகட்டும். எழுதியிருக்கறது உண்மையா இருந்தாப் போதும்."

அவர் போனதும் அவள் கையை நீட்டினாள். கணவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். அவள் கதவைத் திறந்து, இருக்கையைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். எஞ்சின் உறுமியது.

"எனக்கும் கடைக்கு நேரமாச்சு," என்றான் அவன் ஜன்னல் பக்கம் குனிந்து. "போற வழியில இறக்கி விட்டுடேன்."

அவள் கைப்பையைத் துழாவினாள். இந்த மாதத்துப் பஸ் பாஸ் வாங்குகிற சீட்டு ஒன்று நிரப்பாமல் இருந்தது. அதை மடித்து, சாவி இருந்த அதே சட்டைப்பையில் செருகினாள்.

"ரெண்டே பஸ்தான்," என்றாள். "நீங்களே எழுதிக்குவீங்கல்ல?"