சாகவில்லை, அவ்வளவுதான்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குத் தெள்ளு என்று பட்டப்பெயர். தண்ணீரைச் சோதிக்கக் கடுகளவு நீர்த்தெள்ளுப் பூச்சிகளை வளர்ப்பவள் என்பதால் வந்தது. கூடம் சித்தப்பாவுடையது. வேலை கொடுத்தவரும் அவர்தான், வாயை அடக்கு என்று தினமும் சொல்பவரும் அவர்தான்.

எண்ணெய்க் கிடங்கின் கழிவுநீரை ஏரியில் விடலாமா என்று இப்போது இந்தக் கூடம் சொல்ல வேண்டும். விதி ரொம்பச் சுலபம். அந்த நீரில் விட்ட தெள்ளுகள் இரண்டு நாளில் செத்தால் கூடாது, சாகாவிட்டால் விடலாம். எந்த மகராசன் எழுதின விதியோ! ஒன்றும் சாகவில்லை. ஆனாலும் அவள் கையெழுத்துப் போடாமல் மூன்று வாரம் இழுத்தடித்தாள். கடைசியில் கிடங்கு மேலாளரே நேரில் வந்துவிட்டார்.

"செத்துச்சா, இல்லையாம்மா?"

"சாகலை. நல்ல தண்ணில விட்டதெல்லாம் குட்டி போட்டு குவளையே நிறைஞ்சு கிடக்கு. உங்க தண்ணில ஒரு குட்டி இல்லை. நாளைக்கு ஏரில மீன்குஞ்சு எதைத் தின்னும்?"

"பூச்சிக்குப் பிரசவம் பாக்கவா தண்ணி கொடுத்தோம்?"

சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சித்தப்பாவை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். கண்ணாடி போன்ற உடம்புக்குள் இதயம் தெரிந்தது. நல்ல தண்ணீர்த் தெள்ளுக்குப் படபடவென்று அடித்தது. மற்றதற்கு விட்டு விட்டு, வேண்டாவெறுப்பாகத் துடித்தது.

"உசிரோடதானே இருக்கு," என்றார், பார்வையை எடுக்காமல்.

"நீங்களும் உசிரோடதான் இருக்கீங்க, சித்தப்பா. அதுக்காக நெஞ்சு மாத்திரையை நிறுத்திடலாமா?"

மேலாளர் எழுந்துவிட்டார். "நீங்களே கையெழுத்துப் போடுங்க, சார். இல்லைன்னா எங்க வேலை இனிமே இங்க வராது."

கூடம் பாதிக்கு மேல் கிடங்கை நம்பித்தான் ஓடுகிறது. சித்தப்பா பேனாவை எடுத்தார். அவள் மேசையிலிருந்த குவளைகளைக் காட்டினாள்.

"போடுங்க. நான் தடுக்கலை. இந்த ரெண்டு குவளையும் இப்பவே ஏரிக்கரைக்குப் போகுது. வலை போடுறவங்க ஒவ்வொருத்தரா வந்து பாக்கட்டும்."

சொன்னபடியே கைக்கொன்றாகக் குவளைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"நில்லு. ரெண்டு கையிலயும் குவளை இருந்தா மைக்ரோஸ்கோப்பை யார் தூக்குவா?" என்றார் சித்தப்பா. "நான் எடுத்துட்டு வரேன்."