இசபெல் பொறியில் போட்ட கொட்டை

எங்கள் ஸ்கெல்கார்த் கிராமத்தில் ஒரு வீட்டின் கௌரவம் அதன் தோட்டத்துக்குச் செவ்வணில் வருகிறதா என்பதைப் பொறுத்தது. கூரை ஒழுகலாம், புருஷன் ஓடிப்போயிருக்கலாம், அதெல்லாம் மன்னிக்கப்படும். என் வீட்டுக்கு அணில் வருவதில்லை. அதனாலேயே இடது பக்கத்து இசபெல் மௌன்சிக்கும் வலது பக்கத்து வில்ஃப்ரட் பர்க்கெட்டுக்கும் என் மேல் ஏகப் பிரியம். போட்டியில் இல்லாதவளிடம் என்ன பகை?

ஆகாதது அவர்கள் இருவருக்கும்தான். இசபெல் தன் மரப்பெட்டியில் ஹேசல் கொட்டை நிரப்பினால், வில்ஃப்ரட் தன் பெட்டியில் கொட்டையோடு சூரியகாந்தி விதையும் சேர்ப்பார். இசபெல் தன்னிடம் வரும் அணிலை ரூபி என்பாள், வில்ஃப்ரட் தன்னிடம் வருவதை ஜிஞ்சர் என்பார். இரண்டும் ஒரே அணில் என்பது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர்மேலே ஜன்னல் வைத்திருக்கும் எனக்குத் தெரியும். நான் எட்டிப் பார்க்கிறவள் இல்லை. கை தட்டைக் கழுவும்போது கண் சும்மா இருக்குமா?

இந்த ஏப்ரலில் அவள் இசபெல் வீட்டுப் பின்னாலிருந்த பைன் மரத்தில் கூடு கட்டிக் குட்டி போட்டாள். இசபெலுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கே கேக் கொடுத்தாள், வில்ஃப்ரட்டைத் தவிர. அடுத்த வாரமே காட்டோரத்துக் கேமராவில் ஒரு சாம்பல் அணில் பதிவானது.

அணில் காப்புக் குழுவைப் பார்த்துக்கொள்கிற ரோவெனா இருவரையும் என் சமையலறைக்கு வரச்சொன்னாள். பொது இடம் என்பதால் என் வீடாம். டீ மட்டும் என்னுடையது.

"சாம்பலுக்கு அணில் அம்மை ஒண்ணும் பண்ணாது," என்றாள் ரோவெனா. "சுமந்துக்கிட்டு ஜோரா திரியும். அது வாய் வெச்ச எடத்துல நம்ம சிவப்பு வாய் வெச்சா போச்சு. கண்ணு, வாயி, விரலு எல்லாம் புண்ணாகி, ரெண்டு வாரம் தாங்காது. அதனால ரெண்டு பெட்டியையும் இன்னைக்கே இறக்கி, மருந்துத் தண்ணில கழுவுங்க. சாம்பல் மாட்டற வரைக்கும் வெளிய ஒரு கொட்டைகூட இருக்கக்கூடாது."

"பால் குடுக்கிறவ பட்டினி கெடக்கணுமா?" என்றாள் இசபெல்.

"காட்டுல மொட்டு இருக்கு, பைன் காய் இருக்கு. உங்க பெட்டி வர்றதுக்கு முன்னாடியும் அணிலுங்க சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்துச்சு."

வில்ஃப்ரட் டீக்குள்ளேயே சிரித்தார். இசபெல் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

இசபெலின் தோட்டத்துச் சுவரோரம் ரோவெனா ஒரு கம்பிப் பொறியை வைத்து, உள்ளே சோளம் போட்டாள். சாம்பலுக்குச் சோளம் என்றால் உயிர், செவ்வணில் அதைத் திரும்பியும் பார்க்காது என்றாள். தினமும் அடிக்கடி பார்ப்பது இசபெலின் பொறுப்பு. சாம்பல் மாட்டினால் தொடாமல் ரோவெனாவைக் கூப்பிட வேண்டும். அதைத் திரும்ப விட்டால் சட்டப்படி குற்றம். சிவப்பு தவறி மாட்டினால் உடனே திறந்துவிட வேண்டும்.

பெட்டிகள் இறங்கின. இசபெல் தினமும் என் வேலிக்கு வந்தாள். "அந்தாளு திருட்டுத்தனமா கொட்டை வைக்கிறானா, பாத்துச் சொல்லேன்." அவள் போனதும் இந்தப் பக்கம் வில்ஃப்ரட். "அந்தம்மா சத்தியமா வைக்குது. உன் ஜன்னல்லேருந்து தெரியுமே?" இருவரின் தோட்டமும் காலியாகவே இருந்தது. எனக்கே ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சாம்பல் மட்டும் மாட்டவில்லை. சுவர் மேல் வந்து உட்காரும், வாலை உதறும், போய்விடும்.

அன்று மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது. கம்பி கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் வில்ஃப்ரட் சுவரேறிக் குதித்திருந்தார். முழங்கால் வலிக்கிறது என்று மாதா கோயிலுக்கே வராத மனுஷர். பொறிக்கு முன்னால் இசபெல் மண்ணில் முட்டி போட்டிருந்தாள். உள்ளே சுற்றிச் சுற்றிக் கம்பியில் மோதிக்கொண்டிருந்தது சாம்பல் இல்லை. அவள்தான், அந்தச் செவ்வணில். வயிற்றில் பால்காம்புகள் நன்றாகத் தெரிந்தன.

"தெறந்து விடு, என்ன வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கே?" என்றார் வில்ஃப்ரட்.

இசபெலின் கை கொக்கிமேல் இருந்தது. அசையவில்லை.

"மூக்கைப் பாரு, வில்ஃப்ரட்."

குனிந்து பார்த்தோம். மூக்கு நுனியில் தோல் போய்ச் சிவந்திருந்தது. வாயோரம் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. ரோவெனா காட்டிய படங்களில் அம்மை இப்படித்தான் ஆரம்பித்திருந்தது.

"கம்பில இடிச்சிருப்பா," என்றார் வில்ஃப்ரட்.

"அம்மையா இருந்தா? விட்டா காடு முழுக்கப் பரப்பிருவாளே."

"அம்மையா இல்லாட்டி? மேல குட்டிங்க மயிரு மொளைக்காம கெடக்கு. இந்தக் குளிர்ல ஆத்தா சூடு இல்லாம எத்தனை நேரம் தாங்கும்?"

வில்ஃப்ரட்டின் கண் பொறிக்குள் போயிற்று. அவர் முகம் மாறியது.

"சோளம் இருக்க வேண்டிய எடத்துல கொட்டை ஓடு கெடக்கே. யாரு போட்டது?"

"நீதான் போட்டிருப்பே!"

"உன் தோட்டம், உன் பொறி, உன் பொறுப்பு. நான் இங்க வந்தா உன் ஜன்னல் திரை சும்மா இருக்குமா?"

இசபெலின் கழுத்தெல்லாம் சிவந்தது. "சாம்பல் சீக்கிரம் மாட்டட்டுமேன்னுதான் போட்டேன்."

எனக்கு அவளை நன்றாகத் தெரியும். அது பாதி உண்மை. பெட்டியை இறக்கிய பிறகு அந்த அணில் ஒருநாள்கூட இசபெலின் ஜன்னல் பக்கம் வரவில்லை. இசபெலால் அதைத் தாங்க முடியவில்லை. ஊர் முழுக்கக் கேக் கொடுத்தவள் அல்லவா. வேறு நாளாக இருந்தால் வில்ஃப்ரட் இதை ஒரு மாசம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். அன்றோ தன் நல்ல கம்பளிக் கோட்டைக் கழற்றிப் பொறிமேல் போர்த்தினார். உள்ளே இருட்டானதும் மோதுவது நின்றது.

"செத்துட்டாளா?" என்றாள் இசபெல், குரலே இல்லாமல்.

"மூச்சு ஓடுது. நீ ஓடு," என்றார் என்னிடம். "ரோவெனாவுக்கு போன் போடு."

எங்கள் பள்ளத்தாக்கில் போன் பேச வேண்டுமானால் கல்லறைத் தோட்டத்துச் சுவர்மேல் ஏறி நிற்க வேண்டும். ஏறினேன். என் வயதில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அப்புறம் பேசிக்கொண்டார்கள், அது கிடக்கட்டும். ரோவெனா கிடைத்தாள். திரும்பி வந்தபோது இருவரும் அதே இடத்தில் நனைந்துகொண்டிருந்தார்கள். சாம்பல் சுவர்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இசபெல் அதன்மேல் கல்லெடுத்து எறியவில்லை. பைன் மரத்தையே அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். மேலே இலையும் சுள்ளியுமாய்ப் பந்துபோல் கூடு. அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"தெறந்துரலாம் இசபெல்."

"கொஞ்சம் பொறு."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலைய்யா, கேக்காதே!"

ரோவெனா வந்து கையுறை மாட்டிக்கொண்டு, கோட்டின் ஓரத்தைத் தூக்கி, சின்ன விளக்கை அடித்துப் பார்த்தாள். ஒருபக்கம் பார்த்தாள். மறுபக்கம் போய்ப் பார்த்தாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"கண்ணு சுத்தமா இருக்கு. விரலும் சுத்தம். வாயோரம் ஒட்டியிருக்கிறது கொட்டைத் தூள். புண்ணு மூக்குல மட்டும்தான். அதுவும் புதுக் காயம், கம்பில தேச்சது."

"நிச்சயமா?" என்றாள் இசபெல்.

"நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நான் தெறப்பேன்."

"நீயே தெற. என்னால ஆகாது."

ரோவெனா கொக்கியை எடுத்தாள். வாசல் திறந்தது. உள்ளே இருந்தவள் அசையவில்லை. இசபெல் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு சிவப்புக் கோடு புல்லில் ஓடி, மரத்தில் ஏறி, கூட்டுக்குள் மறைந்தது.

ரோவெனா பொறியைக் கழுவ வாளியில் மருந்துத் தண்ணீர் கலந்தாள். வில்ஃப்ரட்டின் கோட்டையும் எடுத்து அதிலேயே முக்கினாள். "அய்யய்யோ, அது என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்தது," என்றார். "கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே," என்றாள் ரோவெனா. பொறியைக் கழுவித் துடைத்ததும் இசபெலே அதில் சோளத்தைப் போட்டாள். யாரும் கேட்காமலேயே உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், வேறெதுவும் இல்லை என்று.

அப்போதுதான் வில்ஃப்ரட் என் கையைப் பிடித்தார். கூட்டிலிருந்து அவள் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தாள். வாயில், தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்ட மாதிரி சுருண்டு, இளஞ்சிவப்பாக ஒரு குட்டி. எங்கள் கூத்தெல்லாம் பார்த்தபிறகு அந்த மரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள் போலும். வேலிக்கடியில் நுழைந்து சாலையோரம் நின்றாள். எதிர்ப்பக்கம் தேவதாரு தோப்பு.

வளைவுக்கு அந்தப் பக்கம் பால் லாரியின் இரைச்சல் கேட்டது.

இசபெல் ஓடினாள். அறுபத்தெட்டு வயதில், ரப்பர் பூட்ஸோடு, நடுச்சாலையில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பின்னாலேயே வில்ஃப்ரட் சட்டையோடு போய்ப் பக்கத்தில் நின்றார். லாரி கிறீச்சிட்டு, அவர்கள் வயிற்றுக்கு முன்னால் நின்றது.

"சாகணும்னா வேற வண்டி கெடைக்கலையா?" என்று கத்தினான் டிரைவர். "யாராவது அடிபட்டுட்டாங்களா?"

"சத்தம் போடாதே," என்றாள் இசபெல். "எஞ்சினை அணை. வீடு மாத்திக்கிட்டிருக்காங்க."

டிரைவர் எட்டிப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். குட்டியோடு அவள் சாலையைக் கடந்தாள். திரும்பி வந்தாள். இரண்டாவதைக் கொண்டுபோனாள். மூன்றாவதும் போயிற்று. அப்புறம் வரவே இல்லை. தூறல் வலுத்தது.

"முடிஞ்சுதுல்ல? பால் புளிச்சிரும் தாயே," என்றான் டிரைவர்.

"புளிக்கட்டும். இன்னொண்ணு இருந்தா?"

"இருக்காது இசபெல், வா," என்றார் வில்ஃப்ரட், ஆனால் அவரும் நகரவில்லை.

தோப்பின் ஓரத்தில் புல் அசைந்தது. அவள் எங்கள் நால்வரையும் லாரியையும் பார்த்தாள், குறுக்கே ஓடிப் பைன் மரத்தில் ஏறினாள். வெகுநேரம் கழித்து இறங்கினாள். வாயில் இருந்தது மற்றவற்றைவிடச் சிறியது. தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. சாலை நடுவில், இசபெலின் பூட்ஸுக்கு ஒரு கை தூரத்தில், அவள் நின்று பிடியை மாற்றிக் கவ்வினாள். குட்டி ஒரு காலை உதைத்தது.

"போ," என்றாள் இசபெல், அவளிடம்தான். "போம்மா, போயிரு."